சூளையில் உடையாது

அதை மட்டும் தொடாதீர்கள். பொடி உதிரும். மற்ற எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், தடவிப் பாருங்கள். டைல் என்றால் கையால்தான் பார்க்க வேண்டும். அது மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

இல்லை, விற்பனைக்கு இல்லை. பெங்களூரில் ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. நடுவில் குழி விழுந்திருக்கிறதே, குழியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதை நான் செய்யவில்லை. ஆனால் என் பெயரில்தான் கண்காட்சிக்குப் போயிற்று. அதில் தவறு ஒன்றும் இல்லை. எப்படி என்று சொல்கிறேன், உங்கள் டிரைவர் சாப்பிட்டு வரும்வரை நேரம் இருக்கிறது. சிலுவைத்துறையில் ஒரே ஒரு ஓட்டல்தான். அங்கே மீன் பொரித்துத் தருவதற்குள் மனிதனுக்குப் பசியே போய்விடும்.

சும்மா உட்கார வேண்டாம். இந்தாருங்கள், இந்த மண் பலகையில் நீங்களே ஒரு அச்சு எடுங்கள். உங்கள் விடுதிச் சுவரில் என்ன வரப்போகிறது என்று கைக்குத் தெரியட்டும். தட்டில் இருப்பவை எல்லாம் இந்தக் கரையில் பொறுக்கியவைதான். பன்னாடை, தாழை வேர், பழைய வள்ளத்துப் பலகை, சிப்பி அப்பிய பாறைத் துண்டு. பாறையா? சரி. எல்லோரும் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். மண்ணின் மேல் சாம்பலைத் தூவிக்கொள்ளுங்கள், ஒட்டாது. பாறையைக் கவிழ்த்து வையுங்கள். அழுத்தக் கூடாது. சாய வேண்டும். உடம்பின் பாரம் தானாக இறங்கட்டும். ஓரத்தில் சிப்பித் துணுக்கு ஒன்றிரண்டு மண்ணில் தங்கிவிடும். பரவாயில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரகாசி அப்படித்தான் சாய்வாள். அந்த டைலைச் செய்தவள்.

மீன் கொண்டுவந்துகொண்டிருந்தவள். நான் இங்கே பட்டறை போட்ட புதிதில் ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் சட்டி சார். நான் சட்டி செய்வதில்லை. ஓவியக் கல்லூரியில் படித்தவன், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவன், இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சட்டி சார். குழந்தைகூட அப்படித்தான் கூப்பிடும். பிரகாசி ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் பிளாஸ்டரில் பாறையை அச்செடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் சார், மண்ணுல பாறையப் பண்ணுதியளே, பாறதான் வெளிய சும்மா கெடக்கே" என்றாள். கேலிதான். ஆனால் கேட்டுவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து மண்ணை ஒரு விரலால் தொட்டாள். பிறகு ஐந்து விரலாலும் தொட்டாள். கூடையில் மீன் இருப்பதை மறந்துவிட்டாள். அன்றைக்குப் பூனை தின்றது போக மீதியைத்தான் நான் வாங்கினேன்.

நான்தான் வேலைக்கு வைத்துக்கொண்டேன். நான்தான் மண் பிசையக் கற்றுக்கொடுத்தேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

அப்போது அவள் புருஷன் தொபியாஸ் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சங்கு குளிக்கப் போகிறவன். படகில் மிஷின் இருக்கும், குழாய் வழியாகக் கீழே காற்று போகும். மிஷின் நின்றுபோயிற்று. அவ்வளவுதான். ஆனால் அவன் தாயார் சந்தியாம்மாள் அப்படி விடவில்லை. போகிற அன்று காலையில் மருமகள் அவனைப் பார்த்து, கடலோடு போய்விடு என்று சபித்தாளாம், தன் காதால் கேட்டேன் என்றாள். பிரகாசி இல்லை என்றாள். "நான் வாயத் தொறக்கவே இல்ல சார். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், படுத்துக் கெடந்தேன். பிள்ளைக்கு அவ அப்பாதான் தல சீவிட்டுப் போனாவ." இரண்டு பேரும் ஒரே வீடு. பிரகாசி பொங்கியதைக் கிழவி தின்னமாட்டாள். தனியாக ஒரு அடுப்பு. நடுவில் தொபியாஸின் மகள், இரண்டு அடுப்பிலும் சாப்பிடும். வீடு கிழவியுடையது. "பிள்ள எம் மவன் ரெத்தம், அது இருக்கும். நீ எப்பம் போறேன்னு சொல்லு" என்று தினம் கேட்பாளாம். பிரகாசிக்குப் போக இடம் இல்லை. மகளை விட்டுப் போகவும் மாட்டாள்.

இதையெல்லாம் மண் பிசைந்துகொண்டே சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் நல்ல கேட்பாளன், எல்லோரும் சொல்வார்கள்.

பாறையைத் தூக்காதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

பிறகு அவளே அச்சு எடுக்கத் தொடங்கினாள். என்னைப் போல பிளாஸ்டர், அச்சு, மறு அச்சு என்று போகமாட்டாள். ஈர மண் பலகையைத் தலையில் சுமந்து கரைக்குப் போவாள். தண்ணீர் வற்றிய மணலில் அலை வரி வரியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கும் அல்லவா, அதன் மேலேயே பலகையைக் கவிழ்த்துச் சாய்ந்துவிட்டு எடுத்து வருவாள். பாதி மணலும் கூடவே வரும். நண்டு உருட்டிப் போட்ட உருண்டைகள், அடும்பங்கொடி, பறவைக் கால், எல்லாம் வரும். அழுக்கு வேலை. நான் அப்படி நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், கேலரி வைத்திருப்பவர். வருவதற்கு முன்பே ஒரு மாதம் உட்கார்ந்து நான் என் வேலைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார். அடுத்ததைப் பார்த்தார். "இதுவும் சுத்தமா இருக்கு." பிறகு வெளியே காயப்போட்டிருந்த பிரகாசியின் பலகை முன்னால் போய்க் குந்திவிட்டார். பட்டுப் புடவை மண்ணில் புரள்கிறது, அது தெரியவில்லை. "இது யாரு?" என்று கேட்டார். எது என்று கேட்கவில்லை, யாரு என்று கேட்டார்.

சுத்தமா இருக்கு. ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? கழுவின தட்டைப் பார்த்துச் சொல்லலாம்.

பொறாமை என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. நான் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு. கடற்கரையில் மாதாவுக்குக் கெபி கட்டிக்கொண்டிருந்தார்கள், குகை போல, உள்ளே சுரூபம், மாதா சிலை. சுரூபத்துக்குப் பின்சுவர் முழுக்க டைல் பதிக்க வேண்டும் என்று பங்குச்சாமியார் இன்னாசி ஃபாதர் வந்தார். பட்டறைக்குள் வந்தார், எனக்கு வணக்கம் சொன்னார், என்னைத் தாண்டிப் போய்ப் பிரகாசியிடம் பேசினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டைல், அவரவர் கரையிலிருந்து ஒரு அச்சு. அவள் யோசனையாம். என்னிடம் திரும்பி, "சார், சூட மட்டும் நீங்க போட்டுத் தந்திருங்க" என்றார்.

சூடு மட்டும். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஊரே இங்கே வந்து போயிற்று. ஒருத்தர் பாறையைக் காட்டுவார், ஒருத்தர் பனையைக் காட்டுவார், ஒருத்தன் தான் விழுந்து பல் உடைந்த கல்லைக் காட்டினான். எல்லாவற்றிலும் அச்சு மட்டும் எடுத்தாள். அவளுடைய டைலை மட்டும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

இப்போது இந்த ஊர் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. இங்கே இரண்டு பேருக்குள் தீராத வழக்கு என்றால், சத்தியம் பண்ணுகிறவர் தனக்கு ரொம்ப வேண்டிய பொருள் ஒன்றை மாதா முன்னால் வைக்க வேண்டும். மோதிரமோ, குழந்தையின் கொலுசோ. திருவிழாக் கொடி இறங்குகிற வரை அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தால் அவர் சொன்னது உண்மை. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. காற்று தள்ளினாலும் நாய் இழுத்தாலும் பொய். படித்தவர்கள் நாம் சிரிப்போம். இவர்களுக்கு அது கோர்ட்டு.

சபிக்கவில்லை என்று அப்படிச் சத்தியம் பண்ணுவதாகப் பிரகாசி சொன்னாள், சந்தியாம்மாளும் சம்மதித்துவிட்டாள். "வைக்கட்டும். நின்னுச்சின்னா அவ கையால சோறு வாங்கித் திங்குதேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பிரகாசி வைத்தது ஒரு குட்டிச் சங்கு. விரல் நுனி அளவுதான். அவ்வளவு சின்னதை எடுக்கக் கூடாது, கடலிலேயே விட்டுவிட வேண்டும். தொபியாஸ் ஒன்றே ஒன்றை மகளுக்காகக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தானாம். அதைத் தன் டைலின் நடுவில் வைத்தாள். அச்சு எடுக்கவில்லை, சங்கையே வைத்தாள். விழுந்துவிடக் கூடாது என்று பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைத்து, சுற்றிலும் மண்ணை இழுத்து மூடி, விரலால் நீவியிருந்தாள்.

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். சங்கோ சிப்பியோ சூளைக்குள் போனால் சுண்ணாம்பு ஆகிவிடும். சூளையில் ஒன்றும் ஆகாது. வெளியே வரும்போது அழகாக, வைத்தபடியே இருக்கும். பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்து ஊதும். ஊதி, மூடியிருக்கிற மண்ணைத் தள்ளிக்கொண்டு தெறிக்கும். வெயில் காலம் என்றால் தாமதமாகும். மழை என்றால் உடனே. பட்டறையில் முதல் வருஷமே படிக்கிற பாடம் இது. நான் எந்தப் பலகையையும் பார்க்காமல் சூளையில் வைக்கமாட்டேன்.

அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரிலேயே முன்பு சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள்தானே இவர்கள். தெரியாது என்றால் அது யார் குற்றம்?

சூளையில் அடுக்குகிற அன்று கூடவே நின்றாள். அவள் டைலை நான் கையில் எடுத்தபோது, "சார்" என்றாள்.

"என்ன?"

"சூளையில ஒடையாதுல்லா?"

"சூளையில் உடையாது" என்றேன்.

சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மேல் தட்டில், நல்ல இடமாகப் பார்த்து வைத்தேன். கேட்டதற்கு உண்மையான பதில் சொன்னேன். அவள் சூளையைப் பற்றித்தான் கேட்டாள்.

டைல்கள் நன்றாக வந்தன. சங்கு முத்துப் போல இருந்தது. சுவரில் பதித்த அன்று கொத்தனார் சும்மா இருக்கமாட்டாமல், "எல்லாரும் மெழுகுவத்தி ஏத்திச் சத்தியம் பண்ணுவாவ, இவ சிமெண்ட வச்சுல்லா பண்ணுதா, நாய்கூட இழுக்க முடியாதே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாம்மாளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மாதா கொத்தனார் வேலைக்கு மயங்குறவ இல்லலே" என்றாள். ஆனால் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி பிரகாசி வைத்த குழம்பை மோந்து பார்த்தாளாம், கிழவி. "மோந்து பாத்தாவ சார். உப்புக் கூடுனாப்புலன்னாவ" என்று மறுநாள் பிரகாசி என்னிடம் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். மண் பிசைகிற கை நிற்கவே இல்லை.

கொடி ஏறியது. மழை பிடித்துக்கொண்டது.

கெபியைத் தினமும் பெருக்குவது சந்தியாம்மாள்தான். காலையில் போனவள் பார்த்திருக்கிறாள். நடுவில் குழி. தரையில் ஓட்டுச் சில்லும் வெள்ளைக் கூழும். சுற்றிலும் மற்ற வீட்டு டைல்கள் எல்லாம் கழுவிவிட்டது போல் நின்றிருக்கின்றன. கிழவி கூப்பாடு போடவில்லை, பாருங்கள். பெருக்குமாறைச் சாய்த்து வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய், பிரகாசியின் சேலைகளை மடித்து, மடித்துத்தான், வாசலில் வைத்தாளாம். "நான் ஒண்ணும் சொல்லல ஏட்டி. மாதாவே துப்பிட்டா" என்றாளாம்.

பிரகாசி இங்கே ஓடி வந்தாள். நனைந்திருந்தாள். கையைத் திறந்து காட்டினாள், வெள்ளையாகப் பிசுபிசுத்தது.

"சார், இது சுண்ணாம்புல்லா."

சுண்ணாம்புதான்.

"ஒங்களுக்குத் தெரியும்லா சார்."

"நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன், நினைத்துப் பார்."

"சூளையில ஒடையாதுன்னிய."

"உடைந்ததா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி சார், அது போட்டும்" என்றாள். "இப்பம் எங்கூட வந்து மாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சங்கு வெந்தா இப்பிடித்தான் ஆவும்னு. நான் சொன்னா தப்பிக்கச் சொல்லுதான்னுவாவ. சட்டி சார் சொன்னா கேப்பாவ."

சட்டி சார். அந்த நேரத்திலும் அவள் வாயில் அதுதான் வருகிறது.

நான் கோபப்படவில்லை. "என்னைக் கேட்டால் சொல்கிறேன்" என்றேன். அழைக்காத இடத்துக்குப் போய் நின்று பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சூடு மட்டும் போடச் சொன்னார்கள், போட்டுக் கொடுத்தேன். மற்றது அவர்கள் ஊர் விஷயம்.

கேட்டார்கள். ஃபாதர் குடையோடு வந்தார். உட்காரவில்லை. "சார், சூட்டுல ஏதும் கோளாறு இருக்குமா? மண்ணுல ஏதும் இருக்குமா? நீங்க ஒண்ணு சொன்னா நான் பூசையில எல்லார்ட்டயும் சொல்லிருவேன். பிரகாசி வீட்டு வாசல்லயே இருக்கா."

நீங்களே சொல்லுங்கள், என் சூளையில் கோளாறு என்று நான் ஊர் முன்னால் சொல்ல முடியுமா? சங்கைப் பார்த்தேன், தெரிந்தும் வைத்தேன் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? நாளைக்கு யார் என்னிடம் டைல் வாங்குவார்கள்? நீங்களே வாங்குவீர்களா?

"என் சூளையில் கோளாறு இல்லை ஃபாதர்" என்றேன். "எல்லாம் ஒரே மண், ஒரே சூடு. மற்றதெல்லாம் நிற்கிறதே, பார்த்தீர்களே."

"அப்பம் இது மட்டும் எப்பிடி?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

இது ஒன்றுதான். பார்க்கப்போனால் இதுவும் பொய் இல்லை. எந்த நாளில் தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஃபாதர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய பூசையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். நான் டீக்கடையில் இருந்தேன். மகள் வீட்டு வாசலில் கிழவியின் பிடியில் நின்று கத்திக்கொண்டிருந்தது, கடை வரைக்கும் கேட்டது. பிரகாசி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. போய் வருகிறேன் சார் என்று ஒரு வார்த்தை. மண்ணைத் தொடக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு மனசு விட்டுப்போனது அங்கேதான். கொல்லம் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள் என்கிறார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு இறால் உரிக்கிறாள். எவ்வளவு வீண், பாருங்கள். திரும்பி வந்திருந்தால் நான் வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பேன். மண் பிசைய இன்றுவரை சரியான ஆள் அமையவில்லை.

கெபிச் சுவரில் ஓட்டையோடு திருவிழா நடத்த முடியுமா? ஃபாதர் மறுபடியும் வந்தார், இந்த முறை என்னிடம். அந்த இடத்துக்கு நான் ஒரு டைல் செய்து கொடுத்தேன். சிப்பிப் பாறைதான், இப்போது நீங்கள் சாய்ந்துகொண்டிருக்கிறீர்களே, அதே பாறை. ஊரார் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஃபாதர் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு சார்" என்றார்.

பெயர்த்து எடுத்ததைக் கொத்தனார் குப்பையில் போட்டிருந்தான். நான் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று எறிந்த பொருள்தானே. கடல் தானே உள்ளிருந்து திறந்துகொண்டது போல் இருக்கிறது என்று பெங்களூர்க் கண்காட்சியில் பார்த்த ஒருவர் எழுதினார். அந்தச் சென்னை அம்மாளும் வந்திருந்தார். ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். "இது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். வெடித்தது என் சூளைச் சூட்டில்தானே.

சந்தியாம்மாளா? இருக்கிறாள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு தினமும் கெபியைப் பெருக்குகிறாள். வீட்டில் இப்போது ஒரே அடுப்புதான். அந்தப் பெண் என்னைப் பார்த்தால் சட்டி சார் என்று கூப்பிடுவதில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

நீங்கள் ஏன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறீர்கள்? இந்தக் காற்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதோ, உங்கள் டிரைவர் வந்துவிட்டார், ஹாரன் கேட்கிறது. போதும், பாறையை நேர் மேலே தூக்குங்கள். அசைக்காமல். அப்படித்தான். பாருங்கள், எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது. பேர் எழுதிவிட்டுப் போங்கள், அடுத்த சூளையில் போட்டு அனுப்பி வைக்கிறேன்.

அந்த ஊசியை இப்படிக் கொடுங்கள். இல்லை, நீங்கள் பலகையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் சிப்பித் துணுக்கு ஒன்று. இங்கே உள்ளே இன்னொன்று. ம். அந்தத் தகர டப்பாவைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஆயிற்று. கை கழுவ வெளியே தொட்டியில் தண்ணீர் இருக்கிறது.